விரிசலைச் சொல்லாமல் விற்கலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது, எங்கள் பாடகர் குழாமைச் சேர்ந்த ஒருவர் என்னை வேப்பமர நிழலுக்கு அழைத்துப் போனார். அவருடைய மகள் வயலின் பழகியவள். மணம் முடித்து வெளிநாடு போய்விட்டாள். வயலின் ஐந்து வருடமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. இணையத்தில் விளம்பரம் போட்டு அதை விற்க எண்ணியிருந்தார். கைத்தொலைபேசியை நீட்டி, எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். துடைத்து மினுக்கிய வயலின், முன்புறம் ஒன்று, சாய்வாக ஒன்று, பெட்டியோடு ஒன்று.

"வடிவாத்தானே இருக்கு, தம்பி" என்றேன்.

"பின்பக்கத்தில ஒரு விரிசல் இருக்கு, மாஸ்ரர். ஒருக்கா கீழ விழுந்தது. ஒட்டுவிச்சு வைச்சிருக்கிறன். படத்தில அது தெரியாத மாதிரிப் பாத்து எடுத்தனான். ஆரும் கேட்டால் ஒளிக்க மாட்டன். கேக்காட்டி நானா ஏன் சொல்ல வேணும்? நான் பொய் சொல்லயில்லைத்தானே?"

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி வீடு வந்தேன். யோசித்ததையே இங்கு எழுதுகிறேன். இந்த ஐயம் அவர் ஒருவருடையது அன்று.

முன்பு ஒரு பழைய வயலினோ ஆர்மோனியமோ கைமாறுவதென்றால், நடுவில் பெரும்பாலும் ஒரு சங்கீத ஆசிரியர் இருப்பார். அவர் தட்டிப் பார்ப்பார், வாசித்துப் பார்ப்பார், "இது இவ்வளவு பெறும்" என்பார். விற்பவரும் வாங்குபவரும் அதே ஊரவர்கள். ஏமாற்றினால் மறுநாள் சந்தையில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். இன்றோ நீர்கொழும்பில் இருப்பவர் விற்கிறார், வவுனியாவில் இருப்பவர் வாங்குகிறார். பணம் வங்கியில் விழுந்த பிறகே பொருள் பஸ்ஸில் ஏறுகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் புதிய கருவிகள் பல குடும்பங்களுக்கு எட்டாக்கனியாயின. பிள்ளை வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள் என்றால், பெற்றோர் தேடுவது பாவித்த கருவியையே. இப்படித் தேடுபவர்கள் பெரும்பாலும் கருவியைப்பற்றி ஒன்றும் அறியாதவர்கள்.

வாத்தியக் கருவியின் குறை கதிரை மேசையின் குறை போன்றதன்று. வயலினின் உள்ளே, குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சுண்டுவிரலிலும் மெல்லிய ஒரு மரக்குச்சி நிற்கும். பசை போட்டு ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதைப் பிடித்து வைத்திருக்கும். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் அந்தக் குச்சிக்கு இட்ட பெயர் 'ஆன்மா'. அது சரிந்தால் நாதம் போய்விடும். நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமம். அதில் ஒரு பங்கு குதிரை வழியாக இறங்கி இந்தக் குச்சியின் மூலம் அடிப்பலகையில் ஊன்றுகிறது. எனவே ஓரத்தில் உள்ள கீறல் அற்பம். குச்சி ஊன்றும் இடத்திலே அடிப்பலகை பிளந்திருந்தால் அதுவே வயலினுக்கு வரக்கூடிய மிகக் கேடான பழுதுகளில் ஒன்று. நம்மவர் வயலினில் விரிசல் எங்கே என்று மறுநாள் கேட்டேன். அந்த இடத்துக்கு மிகக் கிட்ட என்றார்.

மற்றக் கருவிகளும் அப்படியே. ஆர்மோனியத்தின் துருத்தியில் காற்றுக் கசிவது படத்தில் தெரியுமா? கீபோட்டின் கட்டைகளுக்குக் கீழுள்ள இறப்பர் தேய்ந்து சில சுரங்கள் எழும்பாமல் போவது தெரியுமா? கிற்றாரின் கழுத்து வளைந்திருப்பதைக்கூடப் பழகிய கண்தான் காணும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயரின் சட்டத்தைப் பின்பற்றியது. வியாபாரி அல்லாத ஒருவர் தம் வீட்டுப் பொருளை விற்கும்போது, பொய்யுரைத்தால் அகப்படுவார். வாய் திறவாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார். வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வியாபாரிகளை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டதே. ஆகவே "நான் பொய் சொல்லயில்லைத்தானே" என்ற தம்பியின் வாதத்தோடு சட்டத்துக்குப் பெரிய பிணக்கில்லை.

மனச்சாட்சிக்கு உண்டு. இது இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பிணக்கு. உரோம நாட்டு அறிஞர் சிசெரோ கி.மு. 44இல் தம் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' என்ற நூலின் மூன்றாம் பாகத்தில் இதே வினாவை எடுத்து ஆராய்கிறார். ஒருவன் வீடு விற்கிறான். அதன் மரம் உளுத்தது, அறைகளில் விஷப்பூச்சிகள். இது அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை, சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது தியோகெனஸ் என்ற தத்துவ ஞானியின் கட்சி. அவருடைய மாணவர் அந்திப்பாத்தர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். சிசெரோ மாணவர் பக்கம் சாய்கிறார். உனக்குத் தெரிந்ததை, தெரிய வேண்டியவனுக்கு, உன் இலாபத்துக்காகத் தெரியாமல் வைத்திருக்க விரும்பினால் அது வெறும் மௌனமன்று, மறைப்பே என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அதே நூலில் இன்னொரு கதையும் உண்டு. சிராக்கூஸ் நகரில் கடலோரத் தோட்டம் வைத்திருந்த ஒருவன், அதை வாங்க விரும்பிய உரோமனை விருந்துக்கு அழைத்தான். மீனவர்களைக் கூப்பிட்டு, அன்றைக்குத் தோட்டத்தின் முன்னால் வலை வீசுங்கள் என்று சொல்லி வைத்தான். வந்தவர் படகுகளையும் குவிந்த மீனையும் கண்டு மயங்கி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஒரு படகுமில்லை. விற்றவன் வாயால் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கண்ணுக்குப் பொய் காட்டினான். விரிசல் விழாத கோணத்தைத் தேடி எடுத்த படம் எந்த வகை? எங்கும் காமெராவைத் திருப்பாமல் இருப்பது மௌனம். திருப்பிப் பார்த்து, அது தெரிவதைக் கண்டு, மறுபடி திருப்புவது மௌனமாகாது.

புனித தோமஸ் அக்குவினார் 13ஆம் நூற்றாண்டில் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 77ஆம் வினாவில் இதை நிதானமாக அலசுகிறார். குருமாரே படிக்கும் நூல் என்று ஒதுங்க வேண்டாம். இந்த இடம் சந்தைக்குப் போகிற எவருக்கும் விளங்கும். ஒற்றைக் கண் குதிரையை விற்பவன் அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும், குருட்டுக் கண்ணைப்பற்றிப் பேச வேண்டியதில்லை. அது எவருக்கும் தெரியும் குறை. மறைந்திருக்கும் குறை, வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ தரக்கூடியதாயின், சொல்லியே ஆகவேண்டும். ஆனால் பறையறைந்து கூற வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறார். முதலிலேயே குறையைக் கூவினால், பொருளின் நல்ல பக்கத்தை அறியாமலே எல்லோரும் ஓடிவிடுவார்கள். வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் தனியே சொன்னால் போதும்.

இது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. விளம்பரத்தின் தலைப்பிலேயே 'பிளந்த வயலின்' என்று எழுதச் சொன்னால் தம்பி என்னை விட்டே ஓடியிருப்பார். எனினும் புனிதரின் காலத்தில் வாங்குபவன் பொருளுக்கு முன்னால் நின்றான். இன்று நிற்பதில்லை. ஆகவே 'வரும்போது சொல்லலாம்' என்பதைக் கொஞ்சம் முன்தள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அவர் பஸ் ஏறுமுன், வங்கியில் காசு போடுமுன், கேளாமலே சொல்ல வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவரிடம் வாசலில் வைத்துச் சொன்னால், வெறுங்கையோடு போக மனமில்லாமல் வாங்கிவிடுவார். அதுவும் ஒரு பொறி.

விற்பவருக்கே தெரியாத குறைக்கு என்ன செய்வது? அறியாமல் விற்றவனிடம் பாவமில்லை, ஆனால் பின்னர் அறிந்தால் ஈடு செய்யக் கடமையுண்டு என்கிறார் தோமையார். இது கடுமையாகத்தான் படுகிறது. விற்ற காசு செலவாகிவிட்ட வீட்டில் இதை யார் கேட்பார்? ஆனாலும் அதை மென்மையாக்க எனக்கு வழி தெரியவில்லை.

பழைய வயலின்களுக்குள் எட்டிப் பார்த்தால், கிரெமோனா நகரின் ஸ்திராதிவாரி செய்தது என்று இலத்தீனில் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருக்கும். ஜெர்மனியிலும் பொகேமியாவிலும் ஆயிரக்கணக்கில் செய்த வயலின்களில் அந்தப் பெயரை ஒட்டினார்கள். எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. இதை அறிந்த பின்னும் 'பாட்டனாரின் ஸ்திராதிவாரி' என்று விளம்பரம் எழுதுபவருக்கு நான் என்ன சொல்ல!

விற்பவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நீதியன்று. கூடாது, கூடாது என்று பேரம் பேசி வாங்கிவிட்டு, வழியில் தன் கெட்டித்தனத்தை மெச்சிக்கொள்ளும் வாங்குபவனை நீதிமொழிகள் நூல் 20ஆம் அதிகாரத்தில் நமக்குக் காட்டுகிறது. நாட்டை விட்டு அவசரமாகப் போகிறவர்கள் இரண்டு மூன்று நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் நல்ல கருவியைச் சொற்ப விலைக்குத் தள்ளுகிறார்கள். அதன் பெறுமதி அவருக்குத் தெரியாது, வாங்கும் சங்கீதக்காரருக்குத் தெரியும். அப்போது யார் பேச வேண்டும்? பொன்னைச் செம்பென்று எண்ணி விற்பவனிடம், அறிந்துகொண்டே வாங்குபவன் அநீதி செய்கிறான், ஈடு கொடுக்க வேண்டியவன் என்கிறார் தோமையார். புனித அகுஸ்தீனார் 'திரித்துவம்' என்ற நூலில் தாம் அறிந்த ஒரு மனிதரைக் குறிப்பிடுகிறார். ஒரு கையெழுத்து நூலை விற்க வந்தவன் பெறுமதி தெரியாமல் மிகக் குறைவாகக் கேட்டான். அந்த மனிதர் உரிய விலையை அவன் கையில் வைத்தாராம். நம்முள் எத்தனை பேர் அப்படிச் செய்வோம்? என்னைக் கேட்டால், நான் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்திருப்பேன் என்றே பயப்படுகிறேன்.

"எனக்குக் காசு தேவை, மாஸ்ரர், மனுசிக்குக் கண் ஒப்பரேசன்" என்றும் தம்பி சொல்லியிருந்தார். அதை இலேசாக எடுக்க முடியாது. பொருளை இழப்பதால் விற்பவனுக்கு வரும் நட்டத்தை விலையில் சேர்க்கலாம் என்று தோமையார் இடம் கொடுக்கிறார். வாங்குபவனின் அவசரத்தைக் காட்டி விலையேற்ற இடம் கொடுக்கவில்லை. அந்த அவசரம் விற்பவனின் சொத்தல்லவே. ஆனால் பெட்டிக்குள் ஐந்து வருடம் கிடந்த வயலினை இழப்பதில் இவருக்கு என்ன நட்டம்? கண் ஒப்பரேசனின் செலவை, விரிசலை அறியாத ஒரு தகப்பன் தலையில் அவர் சம்மதமில்லாமல் சுமத்துவதாகவே அது முடியும். கேட்டிருந்தால் அந்தத் தகப்பன் ஆயிரம் ரூபா உதவியாகவே தந்திருக்கவும் கூடும்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு தம்பியிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் பின்பக்கப் படத்தையும் சேர்த்துப் போட்டார். 35,000 ரூபா கேட்டிருந்தார். தொலைபேசியில் பேசிய முதலிருவரும் விரிசலைக் கேட்டதும் சரி பார்ப்போம் என்று வைத்துவிட்டார்கள். மூன்று கிழமை ஒருவருமில்லை. எனக்கு அவரை முற்றத்தில் காணவே சங்கடமாயிருந்தது. பிறகு கிளிநொச்சியிலிருந்து ஒருவர், மகளின் சங்கீத ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசிரியை விளக்கடித்து உள்ளே பார்த்தார், அரை மணி நேரம் வாசித்தார், ஒட்டியவன் நன்றாக ஒட்டியிருக்கிறான் என்றார். 22,000 ரூபாவுக்கு முடிந்தது.

"பதின்மூவாயிரம் போச்சு, மாஸ்ரர்" என்றார் தம்பி. முகத்தில் சந்தோசம் இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் மேலதிகமாகக் கிடந்த வில் ஒன்றையும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினாராம்.