நல்ல நேரம் எது?

திங்கட்கிழமை காலை. மன்னார்குடிக் கடைத்தெருவில், நிலத்தை அடகு வைக்க வந்த உழவர் ஒருவர் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். ஏன் காத்திருக்கிறார்? ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலமாம்! ஒன்பது அடித்ததும் கையெழுத்திடுவார். கெடுதி விலகியது என்று மகிழ்வார்.

ஆனால் முதல் நாள் இரவு முழுவதும், முறைத் தண்ணீருக்காக வாய்க்கால் மடையில் விழித்துக் கிடந்தவர் அவர். கண்கள் சிவந்திருக்கின்றன. வட்டிக் கணக்கை இருமுறை படித்தும் விளங்கவில்லை. அதைப் பஞ்சாங்கம் பார்த்ததா? பார்க்கவில்லை. அவராவது பார்த்தாரா? அவரும் பார்க்கவில்லை!

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவரின் அளவுக்குத் தாழ்கிறது என்று, 1997இல் டாசன், ரீட் எனும் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினர். நம் நாட்டுச் சட்டமோ 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. குடித்தவன் வண்டி ஓட்டக்கூடாது. உறங்காதவன் நிலத்தை எழுதிக் கொடுக்கலாமா?

உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரம் பகலையும் இரவையும் அறியும். இராகுவையும் கேதுவையும் அறியாது. கிழமைக்கொரு வேளையைக் கெட்டதென்று ஒதுக்குவதுமில்லை.

களைப்பு உடலின் செய்தி மட்டுமா? ஓய்வு எவருக்குக் கிடைத்தது என்று கேட்டால், அது சமுதாயத்தின் செய்தியாகிறது. தஞ்சைத் தரணியின் பண்ணையாள் விடியுமுன் வயலில் இறங்கினான். இருட்டிய பின்னரே சேரி திரும்பினான். எதிர்த்துக் கேட்டால் சவுக்கடி, சாணிப்பால்! “விதியென்று அடங்கிக் கிடந்தான்” என்றனர் மேட்டுக்குடியினர். விதியையன்றி வேறொன்றை எண்ணிப் பார்க்க அவனுக்கு ஒரு நாழிகையாவது விட்டுவைத்தார்களா?

ஆயினும் களைத்தவன் எழவே மாட்டான் என்று எவரும் கணக்குப் போட வேண்டாம். பி. சீனிவாசராவ் போன்றோர் துணை நிற்க, அந்த மக்களே சங்கம் அமைத்தனர். 1944இல் இதே மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அக்கொடுமைகளை நிறுத்த வேண்டுமென்று பண்ணையார்களைப் பணிய வைத்தது. தனி மனிதன் தளர்ந்தபோது, சங்கம் அவனுக்காகச் சிந்தித்தது.

சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியது 1923இல். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழிவிடும் சட்டமுன்வடிவு நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது; மே 1இல் அது திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எட்டு மணி நேரம் என்பது உடலுக்கு இட்ட பிச்சையன்று, சிந்தனைக்குரிய உரிமை.

தோழர்களே, நம் குறையையும் சொல்லிவிடுவோம். நாம் கூட்டங்களை நள்ளிரவு வரை நீட்டுகிறோம். கொட்டாவிக்கு நடுவே தீர்மானங்களைக் கொண்டுவந்து, கைதூக்கச் சொல்கிறோம். தூங்கி விழுபவனின் கை ஒப்புதலுக்கு உயர்ந்ததா, கூட்டம் முடியட்டும் என்று உயர்ந்ததா?

பெரிய முடிவுகளை விடியலுக்கு ஒத்தி வைப்போம். எதிராளி “இப்போதே கையெழுத்திடு” என்று இரவில் நெருக்கினால், அந்த அவசரத்தையே ஐயுறுவோம். உழைப்பவர் அனைவருக்கும் உறக்கம் கேட்டுப் போராடுவோம்.

நல்ல நேரம் பஞ்சாங்கத்தில் இல்லை. நன்றாக உறங்கி எழுந்தவன் அஞ்சாமல் சிந்திக்கும் நேரமே நல்ல நேரம்!