தேய்மானம் போக மீதி

மஞ்சள் கலரில் எது மண்ணைத் தொட்டாலும் நம்மூரில் அது ஜே.சி.பி.தான். முன்னால் அள்ளி, பின்னால் தோண்டி, ரோட்டில் தானே ஓடிப்போகும் அந்த வண்டி வந்த பிறகு, செயின் மாட்டிய சின்ன புல்டோசரை டவுனில் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. ஆனால் ஆசாமி ஓய்வு பெறவில்லை. மேடுபள்ளமான நிலத்தைச் சமன் செய்ய, வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு மணிக்கணக்கில் புல்டோசர் வாடகைக்கு விடுகிறது. ஜப்பானின் கொமட்ஸு தொழில்நுட்பத்தில் பெங்களூர் பி.இ.எம்.எல். தயாரித்த டி-50 மாதிரி பழைய வண்டிகளை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு.

அப்படி ஒரு பழைய வண்டி நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. தேய்ந்துகொண்டே இருக்கும் பொருளுக்கு நாம் எதுவரை கடமைப்பட்டிருக்கிறோம்? எதுவரை ரிப்பேர், எப்போது காயலான் கடை?

பி.காம். படித்தவனிடம் கேட்டால் முதலில் கால்குலேட்டரைத்தான் தேடுவான். வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்குப் பொதுவாக வருடம் 15 சதவிகிதம் தேய்மானம். 10 லட்ச ரூபாய் வண்டி, 20 வருடம் கழித்துப் புத்தகத்தில் 39 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிடும். வண்டியோ அதே வரப்பை அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கை, புது வண்டி வாங்கினால் அது சொத்து. இருக்கிற வண்டிக்கு வழக்கமான ரிப்பேர் பார்த்தால் அது செலவு. தேய்மானத்துக்கு ஒரு கலம் ஒதுக்கிய கணக்கு, அக்கறைக்கு ஒதுக்கவில்லை.

புல்டோசரில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் அடிப்பகுதிதான். செயின், பின், புஷ், ரோலர், ஸ்ப்ராக்கெட். சாயங்காலம் வேலை முடிந்ததும் அதில் அப்பிய சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டால் ராத்திரியில் காய்ந்து கல்லாகும். மறுநாள் ரோலர் சுற்றாமல் ஒரே பக்கம் தேயும். செயினை ரொம்ப இறுக்கினால் சீக்கிரம் தேயும். ரொம்பத் தளர்த்தினால் வண்டி திரும்பும்போது கழன்று விழும். (இதைப் படித்துவிட்டு உங்கள் குடும்பம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

எனக்குப் பிடித்த விஷயம், 'பின்-புஷ் திருப்புவது'. இந்த இரண்டும் ஒரு பக்கமாகத்தான் தேயும். பிரஸ்ஸில் கொடுத்துக் கழற்றி, அரைவட்டம் திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். செயினுக்கு இரண்டாவது ஆயுசு. ஒரே நிபந்தனை, புஷ் மெலிந்து விரிசல் விடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். அதாவது, வண்டி நன்றாக ஓடும்போதே நிறுத்த வேண்டும். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் பிரிக்கணும்?" என்பார் ஓனர்.

பராமரிப்பின் சங்கடமே இதுதான். அது ஜெயித்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு யார் சந்தோஷமாகக் கூலி கொடுப்பார்கள்?

திருச்சிக்கு இந்தப் பாடம் ஓரளவு தெரியும். பொன்மலை ரயில்வே பணிமனை, ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைப் பழுது பார்க்கும் இடம். அந்த வகை இன்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. பழுது பார்த்துப் பார்த்துக் கைவந்த வித்தையில், பிறகு புது இன்ஜினையே பொன்மலைக்காரர்கள் செய்துவிட்டார்கள். நிலக்கரியில் ஓடும் ஒன்று 2021-ல் தயாரானது. பெல் தொழிற்சாலை வந்த பிறகு ஊரைச் சுற்றி வெல்டிங் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட் பல்லின் மேல் வெல்டிங்கில் இரும்பை ஏற்றுவதும், கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைவதும் இப்படிப்பட்ட ஊரில்தான் நடக்கும்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால், பராமரிப்பை வழிபாடாகவே செய்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகம். நம்பெருமாளின் தங்கக் கவசத்தைக் களைந்து, சுத்தம் செய்து, பழுது இருந்தால் சரிசெய்து மறுபடி சாத்துகிறார்கள். மூலவர் சுதைத் திருமேனி என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். தைலக்காப்பையும் கிரீஸையும் ஒரே கட்டுரையில் எழுதினால் ஸ்ரீரங்கத்து மாமிகள் கோபித்துக்கொள்வார்கள். நான் ஒப்பிடவில்லை. பழுதாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், அதற்கென்று மாதம் குறித்து முறை வைத்தார்களே, அந்த புத்தியைச் சொல்கிறேன்.

1987-ல் 236 அடி ராஜகோபுரத்தைக் கட்டி முடித்ததை ஊரே கொண்டாடியது. கோபுர இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குகிறவருக்கு யார் மாலை போடுவார்கள்? ஆனால் 2015 கும்பாபிஷேகத்துக்காக நடந்த திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோ விருது கொடுத்தது. புதிதாகக் கட்டியதற்கு அல்ல. பழையதைப் பழையபடி காப்பாற்றியதற்கு.

அதற்காகப் பழசெல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை, "இன்னும் ஒரு சீசன் ஓட்டிரலாம்ணே" என்று சரிவில் இறக்குவதற்குப் பெயர் பராமரிப்பு இல்லை. ஆயில் ஒழுகும் வண்டிக்குப் பளபளவென்று மஞ்சள் பெயின்ட் அடித்து அடுத்தவர் தலையில் கட்டுவதும் இல்லை. இரண்டிலும் பழைய பொருள் மீது பாசம் இருப்பதுபோலத் தெரியும். இருப்பது சுயலாபம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரிப்பேரைத் தள்ளிப்போடுவதால் மிச்சமாகும் பணம் யாருக்கு, அதனால் வரும் ஆபத்து யாருக்கு என்று கேளுங்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு என்றால் அது அவர் பாடு. பணம் டீக்கடை நிழலில் நிற்கிற ஓனருக்கு, ஆபத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டருக்கு என்றால், விஷயம் கணக்குப் புத்தகத்தைத் தாண்டி தர்மத்துக்குப் போய்விட்டது. அந்த சீட்டில் தன் பிள்ளையை உட்கார வைக்க ஓனருக்கு மனசு வருமானால் வண்டி இன்னும் ஓடலாம். வராது என்றால், காயலான் கடைதான் மரியாதை.

புல்டோசர் நம்மிடம் இல்லாமலிருக்கலாம். லிஃப்ட் இருக்கிறது, பிள்ளைகள் போகும் ஸ்கூல் வேன் இருக்கிறது. அடுத்த மாதம் அபார்ட்மென்ட் மீட்டிங்கில் லிஃப்ட் சர்வீஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று செயலாளர் கேட்பார். "நல்லாத்தானே ஓடுது" என்று வாய் வரைக்கும் வரும். கொஞ்சம் பொறுத்து, யார் பணம், யார் உயிர் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.