மறவாமை

நாள்தோறும் திருநீறணிந்து திருவைந்தெழுத்தை ஓதுஞ் சைவ நன்மக்களுக்கு மறவாமையின் சிறப்பை எடுத்துரைத்தல் மிகையென்பாரும் உளர். ஆயினும், நா ஓதிக்கொண்டிருக்க உள்ளம் பிறிதோரிடத்து உலாவி வருதலைத் தம்மிடத்தே கண்டறியாதார் யார்? ஒருநாட் காலை யாம் ஆன்மார்த்த பூசையை முடித்தெழுந்தபோது, திருமஞ்சனம் ஆட்டினோமோ இல்லையோ என்பது எம் நினைவிற்கு வந்திலது. நனைந்திருந்த ஆடையே ஆட்டியமைக்குச் சான்றாயிற்று. கைகள் தம் பழக்கத்தாற் செய்தன, யாம் ஆண்டிருந்திலேம். அற்றேல், அப்பூசையைச் செய்தார் யார்? அது பூசையாமோ? இவ்வினாக்கள் அன்றுதொட்டு எம்மை விட்டு நீங்கவில்லை. அவற்றிற்கு யாம் தேடிக்கண்ட விடையை ஈண்டு ஒருவாறு கூறுவாம்.

செய்யுஞ் செயலில் உள்ளத்தை நிறுத்தும் பயிற்சி இக்காலத்து உலகெங்கும் பெரிதும் பேசப்படுகின்றது. பௌத்தர் பாலிமொழியிற் ‘சதி’ என வழங்குவது வடமொழியில் ‘ஸ்மிருதி’ எனப்படும். நினைவென்பதே அதன் முதற்பொருள். ரைஸ் டேவிட்ஸ் என்னும் அறிஞர் 1881-இல் வெளியிட்ட பௌத்த நூன்மொழிபெயர்ப்பில் அதற்கு ஆண்ட ஆங்கிலச் சொல்லே பின்னர் இப்பயிற்சியின் பெயராய் நிலைத்தது. 1979-இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பார் நோயாளர் பொருட்டு இதனை எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார். மூச்சினை நோக்குதல், உண்ணுங்கால் உண்டலையும் நடக்குங்கால் நடத்தலையும் நோக்குதல் முதலியன அதன் உறுப்புக்கள். அலையும் மனத்தைச் செயலோடு பொருத்துதல் நன்றே. அதனை இகழ்தல் எம் கருத்தன்று. அஃது எதுகாறும் செல்லும் என்பதே ஆராயற்பாலது.

திருவள்ளுவனார் பொச்சாவாமைக்கு ஓரதிகாரமே வகுத்து, மிக்க உவகையால் வருஞ் சோர்வு மிக்க வெகுளியினுந் தீதென்றார். அரசர்க்கு அவர் கூறிய அச்சோர்வின் வேர் யாதென நம் சித்தாந்தம் ஆராய்கின்றது. அவ்வேர் ஆணவமலம். கேவலத்தில் உயிரை ஒன்றும் அறியாதபடி மறைத்து நின்ற அம்மலம், சகலத்திற் கருவிகள் கூடியபோதும் முற்றும் அகன்றிலது. உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. மனம் பற்ற, அகங்காரம் எழ, புத்தி துணிய, உயிர் அவ்வக் கருவியாகவே தன்னைக் கருதித் தன்னையும் தலைவனையும் மறக்கின்றது. எனவே, மறதியென்பது நினைவின்மை மட்டுமன்று. நினைக்கத்தகாத ஒன்றாகவே தான் ஆகிவிடுதலாம். சினங்கொண்டான் தன்னைச் சினமாகவே காண்கின்றான். ‘சினம் என்னிடத்து எழுந்தது’ எனக் காண்பானாயின், சினம் வேறு தான் வேறு எனப் பிரிந்த அப்பொழுதே அதன் வலி குன்றும்.

இங்ஙனம் கருவிகளின் தொழிலைத் தன்னின் வேறாகக் காணுதல் தசகாரியத்துள் தத்துவ தரிசனத்தோடு ஒருவாற்றான் ஒக்கும். ஆயின் அது படிகளுள் ஒன்றேயன்றி முடிபன்று. குளக்கரையில் ஒற்றைக்காலில் நிற்குங் கொக்கும் விழிப்புடையதே. பிறர் பொருளைக் கவரப் புகுந்த கள்வனும் தன் அடிவைப்பு ஒவ்வொன்றையும் நோக்குகின்றான். இவரது விழிப்பு அறமாமோ? ஆகாது. ‘யான் விழித்திருக்கின்றேன்’ என்னுஞ் செருக்கும் மலத்தின் தொழிலே. விழிப்பு யாரை நோக்கியது என்பதே ஈண்டுப் பொருள். இதுபற்றியே சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நிற்றலை மலநீக்கத்திற்கு வழியாகக் கூறிற்று. யான் எனதென்னும் பற்றோடு செய்வது ஆகாமியமாய்ப் பெருகும்; அவன் பணியென உணர்ந்து செய்வது அவ்வாறு பற்றாது.

அற்றேல், எப்பொழுதும் இறைவனையே நினைப்பார்க்கு உலகியற்றொழில் கெடாதோ எனின், கெடாது. நெற்குற்றும் தாய் உலக்கையை வழுவாது ஓச்சுகின்றாள். செவி மட்டும் தொட்டிலின்மேல் உளது. இடிமுழக்கிற்கு எழாது உறங்குபவள் குழந்தையின் சிற்றழுகைக்கு எழுகின்றாள். அன்பு உள்ளவழி நினைவு தொழிற்கு இடையூறாவதில்லை. மறவாமையின் உயிர் அன்பே. அன்பற்ற கவனம் காவலாளன் விழிப்பையே ஒக்கும்.

மறைப்பதும் விளக்குவதும் அவனருளேயாயின் நம் முயற்சியாற் பயனென்னை எனின், கதிரவனொளியின்றிக் கண் காணாது. ஆயினும் மூடிய கண்ணுக்குக் கதிரவன் என் செய்வான்? இமையைத் திறத்தலே நம்பாலது. அத்திறத்தற்கும் துணை நிற்பது அருளேயாம்.

இனி, எம் முதல் வினாவிற்கு விடையைச் சாக்கிய நாயனார் வரலாறு தருகின்றது. காஞ்சியிற் புத்தசமயம் புக்கு, பின் சிவநெறியே பொருளெனத் தெளிந்தும் பூண்ட வேடத்தை நீக்காராய், நாள்தோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லொன்றை எறிந்த பின்னரே உண்ணுங் கடப்பாடுடையராயிருந்தார் அவர். நினைவைப் பெரிதும் போற்றும் புத்தர் கோலத்தில் நின்ற அவ்வடியாரும் ஒருநாள் மறந்தார்! உண்ணப் புகுந்தபோது நினைவு வந்தது. அப்பொழுதே பசியையும் உணவையும் விட்டு விரைந்தோடிக் கல்லெறிந்தார். அன்றே இறைவன் அவர்க்கு வெளிப்பட்டருளினான் எனச் சேக்கிழார் கூறுவர். மறவாது செய்த நாட்கள் பலவிருக்க, மறந்து மீண்ட நாளிற் காட்சியளித்தமை நோக்கத்தக்கது. மறதி உயிர்க்கு இயல்பாய் நேர்வது. நினைவு வந்த கணத்தே உண்ணாது எழுந்தமை அன்பின் அளவைக் காட்டியது.

ஆகலின், எம் கைகள் மட்டுஞ் செய்த அக்காலைப் பூசை நிறைந்த பூசையன்று. ஆயினும், ‘மறந்தோம்’ என்று உணர்ந்து யாம் நாணிய அக்கணம் வீணன்று. அது திருவருள் எம்மைத் தட்டியெழுப்பிய கணமாம். அன்று யாம் செய்யாது விட்ட பிழை, எழுந்து மீண்டும் அமராமையே. உண்ணுமுன் ஒருகணம், சொல்லுமுன் ஒருகணம், வாயிலில் வந்து நிற்பாரை நோக்குமுன் ஒருகணம், ‘யார் பணி இது?’ என்று நினைந்து மீளுதல் எல்லார்க்கும் எளிது. மீளுந்தோறும் மறதியின் இடைவெளி குறுகும். அம்மீட்சியைக் கைவிடாதிருக்கத் திருவருள் நமக்குத் துணைநிற்பதாக.