தேர்ந்தெடுத்தவரின் பொறுப்பு

ஒருவரைப் பணியில் அமர்த்துவது ஒரு பொருளை விலைக்கு வாங்குவது போன்றதன்று. வாங்கிய பொருள் பழுதுற்றால் கடைக்காரரிடம் திருப்பித் தந்துவிடலாம். பணிக்கு வரும் மனிதரோ தம் வாழ்நாளின் ஒரு பகுதியையே கொண்டுவந்து ஒப்படைக்கிறார். அவருடைய வருவாயை நம்பி ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அத்தகைய ஒருவர் எதிர்பார்த்தபடி அமையாதபோது, பிழை வந்தவருடையதா, தேர்ந்தெடுத்தவருடையதா? தொழில் நடத்தும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் சந்தித்தே ஆகவேண்டிய தர்மக் கேள்வி இது.

மைசூரின் ஹெப்பாள் பகுதியில் இக்கேள்வி அண்மையில் நாடறிய எழுந்தது. அங்கே இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி வளாகம் உள்ளது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், உள்மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேர்ச்சி பெறாத முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அவ்வளாகத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் 2022இல் பணி ஆணை பெற்று, இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2024இல்தான் பயிற்சியில் சேர்ந்தவர்கள். தேர்ச்சி பெறாவிட்டால் பணியில் தொடர இயலாது என்பது ஒப்பந்தத்திலேயே கூறப்பட்ட நிபந்தனை என்றது நிறுவனம். ஊழியர் அமைப்பு ஒன்று அரசிடம் முறையிட்டது. கர்நாடகத் தொழிலாளர் துறையினர் நேரில் விசாரித்தனர். சட்டத்தின் கேள்விக்குச் சட்டம் விடை தரும். அதற்கு அப்பால் ஒரு கேள்வி எஞ்சுகிறது: தேர்ந்தெடுத்தவர்க்கும் காத்திருந்தவர்க்கும் இடையே, ஒப்பந்தத்தில் எழுதப்படாத கடமை ஏதேனும் உண்டா?

அதே ஹெப்பாளின் தொழிற்பேட்டையில் சிறு தொழிற்கூடங்களும் இயங்குகின்றன. சிறு தொழிற்கூடம் ஒன்றில் மூன்று கட்டத் தேர்வும் இல்லை, பணியாளர் நலனுக்கென்று தனித் துறையும் இல்லை. தேர்வாளரும் ஆசிரியரும் நீதிபதியும் உரிமையாளர் ஒருவரே. எனவே அங்கே இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பெரிய நிறுவனத்தில் முடிவு ஒரு விதியின் பெயரால் எடுக்கப்படும். சிறு தொழிலிலோ முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கப்படும். இன்ஃபோசிஸ்கூட 1981இல் எழுவர் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய் முதலீட்டில் தொடங்கிய சிறு தொழில்தான் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

இவ்விஷயத்தில் திருக்குறள் காட்டும் வரிசை சிந்திக்கத்தக்கது. பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அடுத்த அதிகாரம் தெரிந்து வினையாடல். முதலாவது, ஆராய்ந்து ஒருவரை நம்புவது பற்றியது. இரண்டாவது, அவரவர்க்கு ஏற்ற பணியை அறிந்து ஒப்படைப்பது பற்றியது. அரசனை முன்னிறுத்திக் கூறப்பட்டவையாயினும் நான்கு பேரை வைத்து வேலை வாங்குபவருக்கும் இவை பொருந்தும். இரண்டு அதிகாரங்களிலும் அறிவுரை கூறப்படுவது யாருக்கு? ஆளப்படுபவருக்கன்று, ஆள்பவருக்கே. ஆராயும் கடமையும் அவருடையது, ஒப்படைக்கும் கடமையும் அவருடையது. எனவே பணியாளர் ஒருவர் தோற்கும்போது உரிமையாளர் முதலில் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். தகுதியை ஆராய்ந்தோமா, அல்லது உறவுக்காகவும் குறைந்த சம்பளத்திற்காகவும் அமர்த்தினோமா? செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகச் சொன்னோமா? கற்றுக்கொள்ள அவகாசம் தந்தோமா? இம்மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்பது விடையானால், அத்தோல்வியில் அவருக்கும் பங்கு உண்டு.

‘பேசிய சம்பளத்தைத் தவறாமல் தருகிறேன்; சட்டம் கேட்பதைச் செய்கிறேன்; அதற்கு மேல் என்ன கடன்?’ என்று சிலர் வினவலாம். சட்டம் அறத்தின் எல்லையன்று; பெரும்பாலும் அறத்தைப் பின்தொடர்ந்து வருவதே சட்டம். ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பாலை 1920இலேயே தொழிலாளர்க்கு வருங்கால வைப்பு நிதியை ஏற்படுத்தியது. அதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1952இல் வந்தது. பணிக்கொடையை அங்கே 1937இல் வழங்கத் தொடங்கினர். அதற்கான மத்தியச் சட்டம் 1972இல்தான் பிறந்தது. எவரும் கட்டாயப்படுத்தாத காலத்தில் சிலர் செய்ததே பின்னாளில் எல்லோருக்கும் விதியாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு மனப்போக்கும் உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர், பணிக்கொடைக்கு 10 பேர் எனச் சட்டம் எண்ணிக்கை வகுத்துள்ளது. சிறு தொழிலின் சுமையைக் குறைக்கவே அந்த எல்லை. ஆனால் இருபத்தைந்து பேர் உழைக்கும் இடத்தில் பதிவேட்டில் பத்தொன்பது பெயர்கள் மட்டும் இருந்தால், சலுகை அங்கே வஞ்சனையாகிறது. பெயர் எழுதப்படாத அந்த ஆறு பேரும் மற்றவர்களைப் போலவே வியர்வை சிந்துகின்றனர். முதுமையும் அவர்களுக்கு அவ்வாறே வரும். தணிக்கையாளர் கண்ணுக்குப் படாத அக்கணக்கு, எழுதியவரின் மனசாட்சிக்குத் தெரியாமல் போவதில்லை.

அப்படியானால் திறமையற்றவரையும் கருணையின் பெயரால் என்றென்றும் வைத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பத்துப் பேர் உழைக்கும் இடத்தில் ஒருவர் கடமையை விட்டால், அவர் பாரத்தை மற்ற ஒன்பது பேரும் சுமக்கின்றனர். ஒருவரிடம் காட்டும் இரக்கம் ஒன்பது பேருக்கு இழைக்கும் அநீதியாகலாம். தொழிலே நலிந்தால் பத்துக் குடும்பங்களும் துன்புறும். ஆகவே விலக்குவதே பாவமென்று கொள்ளலாகாது. விலக்கும் விதத்திலேயே தர்மமும் அதர்மமும் பிரிகின்றன. குறையை மாதக்கணக்கில் மனத்தில் அடக்கிவைத்து, ஒருநாள் கோபத்தில் வெளியேற்றுவது அதர்மம். குறையைத் தனிமையில் எடுத்துச் சொல்லி, திருந்த வாய்ப்பளித்து, இயலாதபோது காரணத்தை உண்மையாகக் கூறி அனுப்புவது தர்மம். பணியிலிருந்து நீக்கப்பட்டவரின் ஊதியத்தை இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் தந்துவிட வேண்டுமென 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே விதித்தது. பணத்தைத் தீர்ப்பதோடு, அவருக்கு ஏற்ற வேறு வேலைக்கு ஒரு நற்சொல் சொல்லி உதவினால் அப்பிரிவில் பகை மிஞ்சாது.

சிறு தொழில் நடத்துபவரிடம் பெரும் நிறுவனங்களின் செல்வம் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிட்டாத ஒன்று அவரிடம் உண்டு, அதுதான் அண்மை. தம் பணியாளரின் பெயரும் ஊரும் அவருக்குத் தெரியும். அவர் வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்பதும் தெரியும். சொன்ன தேதியில் சம்பளம் தருவதற்கும், பிறர் முன்னிலையில் இழிவாகப் பேசாதிருப்பதற்கும், நன்றாகச் செய்த வேலையை நன்று எனச் சொல்வதற்கும் பெருமுதல் தேவையில்லை. இவை பணியாளரின் உள்ளத்தில் பொறுப்புணர்வை விதைக்கின்றன. தம்மை மனிதராக மதிக்கும் இடத்தில் ஒருவர் கூலிக்காக மட்டும் உழைப்பதில்லை. அவ்விடத்தைத் தமதாகவே கருதுகிறார். அந்நிலையில் அவருக்கும் கடமை உண்டு. தரப்பட்ட நம்பிக்கைக்கு முழு உழைப்பே அவர் செலுத்தும் கைம்மாறு.

ஊதியம் உழைப்புக்கு விலையாகலாம். உழைத்த மனிதருக்கு விலையாகாது. மாத இறுதியில் சம்பளக் கணக்கை முடிக்கும் உரிமையாளர் ஒவ்வொருவரும் இந்த இரண்டாவது கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். அதில் பாக்கி இல்லாதிருப்பதே உண்மையான இலாபம்.