ஒப்படைப்புப் பட்டியலில் இல்லாத பெயர்

பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகம் ஒன்றில் ஓராண்டு செயலாளராக இருந்தேன். பதவி முடிந்த அன்று, அடுத்த செயலாளரிடம் ஒப்படைத்தவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டோம். ரப்பர் முத்திரை ஒன்று. பதாகைகள் நான்கு. கோப்புகள் பதினொன்று. கழகத்தின் பழைய கைப்பேசி, அதற்குள் முன்கட்டண சிம் அட்டை. இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் தே தாரேக் குடித்துக் கலைந்தோம். எதையும் விட்டுவிடவில்லை என்ற நிம்மதியோடு அன்று தூங்கினேன்.

விட்டது எது என்று தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டின் எங்கள் பெரிய நிகழ்ச்சி, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடத்திய மூன்று நாள் தன்முனைப்பு முகாம். டிசம்பர் பள்ளி விடுமுறை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் பேருந்தில் பாதிப் பேருக்கு வாந்தி. ஏறி முடித்ததும் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது இந்தப் பக்கத்துச் சரிவுகளெல்லாம் காடு. அந்தக் காட்டைத் தேயிலையாக்கிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சிலர் இன்னமும் லயங்களில் இருக்கிறார்கள். இப்போது மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். விரலால் கிள்ளிய இடத்துக்குக் கத்தரியும், இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன.

முகாமில் நாங்கள் பேசியதைச் சுருக்கினால் இரண்டே சொல்: நினைத்தால் முடியும். வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டிய தோட்ட வாழ்க்கையில் பிறந்த பிள்ளைகளிடம், குறையெல்லாம் உங்கள் தன்னம்பிக்கையில்தான் என்று மூன்று நாள் தொண்டை கட்டக் கத்தினோம். கடைசி நாள் பள்ளிப் பைகள் கொடுத்தோம். ஆளுயர மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் உயரவாரியாக வரிசையில் நின்றார்கள். “போன வருசம் வந்த அண்ணனுங்க பச்சை பேக் கொடுத்தாங்க” என்றான் ஒருவன். எங்களுடையது நீலம்.

அந்த மூன்று நாளும் சமையலில் கூடமாட உதவிய பெண் ஒருத்தி இருந்தாள். எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். கிளம்புகிற நேரத்தில் கேட்டாள்: “அண்ணே, ரிசல்ட் வந்தா யூனிவர்சிட்டிக்கு எப்படி அப்ளை பண்றது? இங்க லைன் சரியா கெடைக்காது. வீட்டுலயும் யாருக்கும் தெரியாது.”

பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. “அதெல்லாம் கழகம் பாத்துக்கும். ரிசல்ட் வந்ததும் இந்த நம்பருக்கு அடி” என்று கழகத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

திரும்பியதும் மாணவர் விவகாரப் பிரிவுக்கு அறிக்கை எழுதினேன். வருகைப் பதிவு, ரசீதுகள், படங்கள், ஆதரவாளர் சின்னம். நோக்கங்கள் அனைத்தும் நிறைவேறின என்று முடித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. பிப்ரவரியில் பதவி கைமாறியது. மார்ச்சில் எஸ்பிஎம் முடிவு வந்தபோது நான் இறுதியாண்டு ஆய்வேட்டில் மூழ்கியிருந்தேன்.

இரண்டு ஆண்டு கழித்து, வேலையிடத்து நண்பர்களோடு கேமரன் மலைக்குப் போனபோது அந்தத் தோட்டத்துக்கும் ஒரு நடை போனேன். லயத்து வாசலில் அவளுடைய அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். மகளைப் பற்றிக் கேட்டேன்.

“பிரிஞ்சாங்ல காய்கறி பேக் பண்ற எடத்துல வேல தம்பி. அப்ப நீங்க குடுத்த நம்பருக்கு ரெண்டு மூணு தடவ அடிச்சுப் பாத்தா. லைன் இல்லன்னு வந்துச்சாம். பெறகு தேதி முடிஞ்சிருச்சு.” நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவரே சேர்த்துக்கொண்டார்: “நீங்க என்ன பண்ணுவீங்க? ஒங்களுக்கும் படிப்பு இருக்குல்ல.”

பிறகு விசாரித்தேன். புதிய செயற்குழு வாட்ஸ்அப்புக்கு மாறியிருந்தது. பழைய கைப்பேசிக்கு யாரும் ரீலோட் போடவில்லை. எண் செத்துப்போயிருக்கிறது.

இதில் யார் குற்றவாளி? புதிய செயலாளருக்கு அந்தப் பெண்ணைப் பற்றித் தெரியாது. தலைவருக்கும் தெரியாது. வாக்குக் கொடுத்தது “கழகம்”. அந்தக் கழகத்தைத் தேடிப் போனால் ஒரு முத்திரையும் நான்கு பதாகைகளும்தான் கிடைக்கும். அதிகாரவர்க்க ஆட்சியை ‘யாருமற்றவரின் ஆட்சி’ என்று ஹன்னா அரெண்ட் சொன்னார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்கமாட்டார். அது பெரிய அரசாங்கங்களுக்குப் பொருந்தும் கருத்து என்று வகுப்பறையில் நினைத்திருந்தேன். முப்பது பேர் கொண்ட மாணவர் கழகத்துக்கும் அது பொருந்தும். “நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லியிருந்தால் அவள் முகம் எனக்கு நினைவிருந்திருக்கும். “கழகம் பாத்துக்கும்” என்று சொன்னதால் மறக்க முடிந்தது.

அதே அரெண்ட், 1958இல் வெளிவந்த ‘மனித நிலை’ குறித்த தன் நூலில் இரண்டு மனித ஆற்றல்களைச் சேர்த்துப் பேசுகிறார். செய்துவிட்டதைத் திருப்ப முடியாது, அதற்கு மருந்து மன்னிப்பு. வரப்போவதைக் கணிக்க முடியாது, அதற்கு மருந்து வாக்குறுதி. அன்று அந்த லயத்து வாசலில் இரண்டில் கடினமானதை அந்த அம்மா செய்தார். எளிதானதை என்னால் செய்ய முடியவில்லை.

சட்டத்தின் மீதும் பழி போட்டுப் பார்த்திருக்கிறேன். 1974 டிசம்பரில், பாலிங் வட்டாரத்து ரப்பர் விவசாயிகளின் வறுமைக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அடுத்த ஆண்டே, 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தி இறுக்கப்பட்டது. மாணவர் அமைப்புகள் தம் விருப்பப்படி பணம் திரட்டவோ நிதி வைத்திருக்கவோ முடியாமல் போயிற்று. வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கான தடை 2018இல்தான் நீக்கப்பட்டது. எங்கள் தலைமுறை, அனுமதிக் கடிதத்திலும் ரசீதிலும் வளர்ந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கும் மேலே கணக்குக் காட்டப் பழகியவர்களுக்கு, கீழேயும் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று தோன்றவே இல்லை. இது உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணுக்கு மார்ச் மாதத்தில் ஒரு போன் அடிக்க எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை.

கணக்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, சமஸ்கிருதத்தை முன்வைக்கும் பரிந்துரை வந்தது. தமிழுக்காக வாதாடிய ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத் தொழிலாளர்கள் உட்படச் சாதாரண மக்கள் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. அந்தப் பணம் தமிழ் நூல்களாக நூலகத்துக்குப் போயிற்று.

கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அந்த நூலக வாசலை மிதித்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கு மாதிரிக் காசோலை இல்லை, படமும் இல்லை. முகம் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவன் படிப்பான் என்று நம்பி, ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒருவர்களில் நானும் ஒருவன். இப்படிப் பார்த்தால், நீலப் பைகளோடு மலையேறிய நாங்கள் வள்ளல்கள் இல்லை, தவணை கட்டத் தவறியவர்கள்.

“மாணவர்கள் பரீட்சைக்கு நடுவே செய்கிற தொண்டு இது, இவ்வளவு எதிர்பார்க்கலாமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இருபத்திரண்டு வயதில் எல்லோரையும் கரையேற்ற முடியாது. ஆனால் முடியாது என்பதை அவளிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் பள்ளி ஆசிரியரையோ வேறு யாரையோ கேட்டிருப்பாள். நான் கொடுத்த வாக்கு அவளை மற்ற கதவுகளைத் தட்டவிடாமல் நிறுத்திவைத்தது. ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட அது மோசம்.

இப்போது தம்பி தங்கைகள் யாராவது கழகப் பொறுப்பு பற்றிக் கேட்டால், ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு தாள் கூடுதலாக வையுங்கள் என்கிறேன். யாரிடம் என்ன சொல்லியிருக்கிறோம், எப்போது செய்ய வேண்டும், எந்த ஆள் செய்வார். அந்தத் தாளில் கழகத்தின் பெயர் வரக்கூடாது, மனிதர் பெயர்தான் வர வேண்டும்.

அன்று மாலை வேலை முடிந்து அவள் வந்தாள். சிரித்தாள். இப்போதாவது விண்ணப்பிக்கலாம், நான் உதவுகிறேன் என்றேன்.

“எனக்கு வேணாம் அண்ணே. தம்பி இந்த வருசம் ஃபார்ம் ஃபைவ். அவனுக்குப் பாத்துக் குடுங்க.” கைப்பேசியை எடுத்தாள். “ஆனா கழக நம்பர் வேணாம். ஒங்க நம்பர் சொல்லுங்க.”

சொன்னேன். அங்கேயே அழைத்துப் பார்த்தாள். என் சட்டைப் பையில் மணி அடித்த பிறகுதான் கைப்பேசியை உள்ளே வைத்தாள்.