தெப்பமும் தோளும்

நமக்கு உதவிய ஒன்றை, அதன் உதவி முடிந்த பின்னரும் சுமந்து செல்லுதல் நன்றியாகுமா, அறியாமையாகுமா? இவ்வினா மிகப் பழைமையானது. எனினும் அது ஏட்டில் உறங்கும் வினாவன்று; ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் எழுந்து நின்று விடை கேட்கும் வினா. சென்ற ஆண்டு அது நம் நண்பர் ஒருவர் எழுதிய கடிதத்தின் வடிவில் நம்மை வந்தடைந்தது.

நண்பர் பொழியூரை அடுத்த சிற்றூரில் வாழ்பவர். பொழியூர் கேரள மாநிலத்தின் தென்கோடிக் கடற்கரையூர். அதற்கப்பால் நீரோடி, தமிழ்நாடு. நண்பரின் தந்தையார், நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழகத்தோடு சேரவேண்டுமென்று கிளர்ச்சி செய்து, 1954-இல் சிறை புகுந்தவர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அயல்வீட்டார் அக்கிளர்ச்சியை எதிர்த்தவர்கள். அன்று இரு வீட்டிற்கும் இடையே நின்ற பேச்சு, தந்தையார் மறைந்த பின்னரும் மீளவில்லை. இப்போது அவ்வீட்டுப் பெண்ணின் திருமணத்திற்கு நண்பருக்கு அழைப்பு வந்திருந்தது. பெண்ணின் பாட்டனாரே நேரில் வந்து தாம்பூலம் வைத்துச் சென்றாராம். "தந்தையின் கோபத்தை இறக்கி வைத்தால், தந்தையையே இறக்கி வைத்ததாகாதா?" என்று நண்பர் எழுதியிருந்தார்.

விடை நம்மிடம் ஆயத்தமாகவே இருந்தது. பௌத்த நூல்களைப் பயின்றோர் அனைவரும் அறிந்த தெப்ப உவமையே அது. மஜ்ஜிம நிகாயத்தின் 22-ஆம் சூத்திரமாகிய அலகத்தூபம சூத்திரத்தில் அது வருகிறது. அரிட்டன் என்னும் பிக்கு அறநெறியைத் தவறாகப் பற்றிக்கொண்டபோது, பகவான் பிக்குகளுக்கு அதைக் கூறினார். வழிப்போக்கன் ஒருவன் பெருவெள்ளத்தின் முன் நிற்கிறான். இக்கரையில் அச்சம், அக்கரையில் பாதுகாப்பு. பாலமும் இல்லை, ஓடமும் இல்லை. புல்லும் கிளையும் திரட்டித் தெப்பம் கட்டி, கையாலும் காலாலும் துழாவி அக்கரை சேர்கிறான். சேர்ந்த பின், இத்தெப்பம் எனக்குப் பேருதவி செய்தது என்று அதைத் தலைமேலோ தோள்மேலோ தூக்கிக்கொண்டு நடப்பானாயின், அவன் செய்வது தக்கதாகுமா? ஆகாது, அதைக் கரையில் ஏற்றி வைத்தோ நீரில் மிதக்க விட்டோ தன் வழியே செல்வதே தக்கது. தெப்பம் கடப்பதற்கே அன்றிப் பற்றிக்கொள்வதற்கன்று என்பது உவமையின் பொருள்.

இவ்வுவமையைச் சொல்லி நண்பரைத் திருமணத்திற்கு அனுப்பிவிடலாம் என்னும் துணிவோடு நாம் பாறசாலையில் இறங்கினோம். அங்கிருந்து பூவாறு செல்லும் பேருந்தில் ஏறியபோது, நம் பின்னே ஓர் இளைஞர் பெரிய மூட்டையொன்றை முதுகிலும் நீண்ட பையொன்றைக் கையிலும் தாங்கி ஏறினார். மூட்டைக்குள் என்ன என்று நடத்துநர் வினவினார். "படகு" என்றார் இளைஞர். பேருந்திலிருந்தோர் நகைத்தனர், நாமும் நகைத்தோம். பூவாற்றில் படகுக்கா பஞ்சம்? திருப்பதிக்கு லட்டு கொண்டுபோவது போல் அல்லவா இருக்கிறது!

அவர் நாகர்கோவில் பக்கத்தவர். அமைதியாக விளக்கினார். அது மடிப்புப் படகு. மரச்சட்டங்களைக் கழற்றி அடுக்கி, மேலே போர்த்தும் கித்தானை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். எடை ஏறக்குறைய 25 கிலோ. ஆற்றங்கரையில் அரைமணி நேரத்தில் பொருத்திவிடலாம்.

இதன் வரலாறு சுவையானது. வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இன்னுயிட் மக்கள், சட்டம் கட்டி அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திய கயாக் என்னும் ஓடத்தில் வேட்டையாடியவர்கள். அவ்வமைப்பைப் பின்பற்றி, 1905-இல் ஜெர்மானிய மாணவர் ஆல்பிரெட் ஹோய்ரிக் மடித்துத் தூக்கத்தக்க படகொன்றைச் செய்தார். 1907-இல் ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர் அதன் உரிமையைப் பெற்றுப் பெருகச் செய்தார். நகரத்துத் தொழிலாளர் அதை இரயிலில் ஏற்றிச்சென்று, விடுமுறை நாளில் ஆற்றில் இறக்கினர். நம் நாட்டிலும் ஒகேனக்கலில் பரிசல்காரர் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையில் நடப்பதுண்டு. மனிதனைச் சுமக்கும் படகை மனிதன் சுமப்பது புதுமையன்று.

இத்தகைய படகொன்று நம் மேற்குக் கடற்கரையோரமாகவும் சென்றிருக்கிறது. ஆஸ்கர் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர், நாட்டில் தொழில் முடங்கிய காலத்தில் வேலை இழந்து, சைப்பிரஸ் தீவின் செம்புச் சுரங்கங்களில் பிழைக்கலாம் என்று 1932-இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் மடிப்புப் படகை இறக்கினார். சைப்பிரஸில் அவர் நிற்கவில்லை. யூபிரட்டீஸ் ஆறு, பாரசீக வளைகுடா, இந்தியக் கரை, இலங்கை, பர்மா, மலேயா எனச் சென்று, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்குரிய டாரஸ் நீரிணைத் தீவொன்றை அடைந்தார். அதற்குள் உலகப்போர் மூண்டுவிட்டது. ஏழாண்டு துடுப்பு வலித்து வந்தவரைப் பகைநாட்டார் என்று சிறைவைத்தனர். பிழைப்பைத் தேடப் புறப்பட்டவருக்குப் பயணமே பிழைப்பாயிற்று. கருவி எப்போது நோக்கமாக மாறியது என்பதை, மாறும் கணத்தில் எவரும் அறிவதில்லை. நண்பரின் தந்தையாரை நினைத்துக்கொண்டோம்.

இளைஞர் பூவாற்றில் படகை இறக்கி, அங்கிருந்து கால்வாய் வழியே தென்கிழக்கே செல்ல எண்ணியிருந்தார். அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு பூவாற்றில் கடலோடு கலக்கிறது. திருவனந்தபுரத்தையும் குமரிமுனையையும் நீர்வழியால் இணைக்க 1860-இல் தொடங்கப்பெற்று நிறைவேறாமல் நின்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், பூவாற்றிலிருந்து குளச்சல் பக்கமாகச் செல்கிறது. வரைபடத்தில் அது நீண்ட நீலக்கோடு. நேரில் பார்த்தால் பல இடங்களில் பாசியும் புதரும் மணலுமாய்த் தூர்ந்து கிடக்கிறது. அவரிடம் விடைபெற்று நாம் நண்பர் வீட்டை அடைந்தோம்.

நண்பர் நம் உவமையை இறுதிவரை கேட்டார். பின்னர் மெல்லச் சொன்னார்: "தெப்பத்தை விடச் சொல்லுகிறீர்கள். அக்கரை சேர்ந்தவனுக்கு அது பொருந்தும். விளவங்கோட்டார் சேர்ந்தார்கள், அவர்கள் விடட்டும். என் தந்தை கரை சேரவில்லையே. நடு ஆற்றில் நிற்பவனிடம் தெப்பத்தை விடு என்பது அறமா?"

நாம் வாயடைத்து நின்றோம். உவமையைப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். எனினும் அதில் வரும் மனிதன் கரையேறியவன் என்பதை ஒருமுறையும் நின்று நினைத்ததில்லை. வென்றவன் தோற்றவனைப் பார்த்து மறந்துவிடு என்பதும், உண்டவன் பசித்தவனைப் பார்த்துப் பற்றை விடு என்பதும் எளிது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டோரின் வீட்டாரிடம், இன்னும் ஏன் சுமக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை எவருக்குண்டு? நாஞ்சில் நாட்டு நெல்வயல்களை இழந்தோம் என்று அயல்வீட்டாரும் தம் பங்குக்கு ஒரு சுமையைச் சுமந்திருக்கலாம் அல்லவா?

சுமைகளில் பல வகை உண்டு. சில, எந்நாளும் எவரையும் கரை சேர்த்ததில்லை. பிறப்பால் தாழ்ந்தவன் தெய்வத்தை நிறுவலாகாது என்னும் வழக்கம் அத்தகையது. முன்னோர் சுமந்தார்கள் என்பதற்காகவே அதை நூற்றாண்டுகளாகச் சுமந்தனர். நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில், 1888-இல் நாராயண குரு இதே நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவியபோது, அச்சுமை ஒரே இரவில் இறங்கிவிட்டது. அதைத் தெப்பமென்று மயங்கியதே பிழை. அத்தகைய சுமையை எறிவதற்கு ஆராய்ச்சி வேண்டா. ஆனால் நண்பரின் தந்தையார் சுமந்தது அவ்வகையன்று. தாய்மொழியில் கற்கவும் வாழவும் வேண்டும் என்பது மெய்யான ஆறு. அதற்குக் கட்டிய தெப்பமும் மெய்யானது. பின் எதை விடுவது?

மாலையில் இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். பொழிமுகத்து மணலில் காலையில் கண்ட இளைஞர் அமர்ந்திருந்தார். படகின் கித்தான் மணல்மேல் விரிந்து கிடந்தது. சட்டங்கள் தனித்தனியே வெயிலில் கிடந்தன. கால்வாய் பல இடங்களில் அடைபட்டிருந்தமையால், படகு அவரைச் சுமந்தது சிறிது நேரமே. அவர் படகைச் சுமந்ததே நெடுநேரம் என்று சிரித்தார். அருகே முதிய மீனவர் ஒருவர் குந்தியிருந்து அப்படகை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சபடியே மடிச்சா என்ன மக்களே?" என்று முதியவர் வினவினார்.

"கித்தான் பூத்துப்போகும் பாட்டா. நாளானா மட்கிக் கிழியும். பாரமும் தாங்காது" என்றார் இளைஞர்.

முதியவர் தலையசைத்தார். "எங்க மரமும் அப்படித்தான். கரையேறின உடனே கயித்த அவுத்து, தடி தடியா காய வைப்போம். வைக்காட்டி மறுநாள் மரத்தோட கடலையும் சேத்துல்லா சுமக்கணும்!"

கட்டுமரம் என்பது கட்டப்பட்ட மரம். இலேசான மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் தள்ளுவர். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, தடிகளைத் தோளில் தூக்கி மேட்டில் ஏற்றி உலர்த்துவர். விடியற்காலையில் மீண்டும் கட்டுவர். ஆங்கிலமும் இச்சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறது. இன்று ஃபைபர் படகுகள் பெருகி, மரத்தடிக் கட்டுமரம் அருகிவிட்டது. ஆயினும் அதைக் கட்டியும் அவிழ்த்தும் காய்ப்பேறிய கைகள் இன்னும் இக்கரையில் உள்ளன.

முதியவர் தம் தொழிலைப் பற்றியே பேசினார். நமக்கு உபதேசம் செய்யவில்லை. ஆயினும் நாம் நாடி வந்த விடை அவர் சொல்லில் இருந்தது. தெப்பத்தைக் கைவிடுதல், தெப்பத்தைச் சுமத்தல் என்னும் இரண்டே வழிகளை எண்ணியிருந்த நமக்கு, அவிழ்த்து உலர்த்துதல் என்னும் மூன்றாவது வழியை அவர் காட்டினார். நாள்தோறும் கடலுக்குச் செல்பவன் மரத்தை எறிந்துவிட முடியாது. மறுநாளும் கடல் உண்டு. எனினும் அவன் அதைக் கட்டியபடியே வைத்திருப்பதும் இல்லை. மரம் இலேசானது. பாரமெல்லாம் மரம் குடித்த நீரிலிருந்து வருவது.

நண்பரின் தந்தையார் கட்டிய மரம் மொழியுரிமை. அது குடித்த நீர் அயல்வீட்டார்மீது கொண்ட பகை. போராடிய நாளில் இரண்டும் ஒன்றாகவே தோன்றின. ஈரமரத்தைத் தூக்குபவன் எது மரம், எது நீர் என்று பிரித்தறிவதில்லை. பௌத்தர் உபாதானம் என்று கூறுவது இந்நீரைத்தானோ என்று அன்று நமக்குத் தோன்றிற்று. குறிக்கோள் உடையவன் பற்றுடையவன் ஆகிவிடுவதில்லை. குறிக்கோளின் துளைகளில் வெறுப்பு ஊறி, அதன் எடையையே குறிக்கோளின் எடை என்று அவன் நம்பும்போதுதான் பற்றுடையவன் ஆகிறான். அலகத்தூபம சூத்திரத்திலேயே, பாம்பை வாலில் பிடிப்பவனை அது திரும்பிக் கடிக்கும் என்னும் உவமையும் உண்டு. நல்லதையும் பிடிக்கும் முறையில் பிடிக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

இதில் ஒரு மறுப்பு எழலாம். பகையை உலர்த்திவிட்டால் போராட்டத்தின் வேகம் குறைந்துவிடாதா என்பர். நனைந்த மரம் வேகமாகச் செல்வதில்லை. ஆழமாக அமிழ்கிறது என்பதே கடலறிந்தோர் கண்டது. இன்னொன்றும் சொல்வர்: எல்லாச் சுமைகாரரும் அடுத்த ஆறு வருகிறது என்றே சொல்வார்கள், உண்மையில் ஆறு உண்டா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு எளிய சோதனை உண்டு. அவிழ்த்துப் பார்க்கலாம். ஆறு இருப்பின் மறுநாள் கட்டுவதற்குக் கை தானே எழும். ஆறு இல்லையாயின் தடிகள் மணலிலேயே கிடக்கும். அப்போது அவற்றைக் கரையில் விட்டு நடப்பது துன்பமாக இராது. அவிழ்க்கவே அஞ்சுபவன்தான், தான் எதைச் சுமக்கிறான் என்பதைக் கடைசிவரை அறியாதவன்.

இவற்றையெல்லாம் நாம் நண்பரிடம் விரித்துரைக்கவில்லை. முதியவரின் சொல்லை அவரும் கேட்டார். வீடு திரும்பும்வரை இருவரும் பேசவில்லை. வாசலில் மட்டும் அவர், "அப்பாவின் கோபத்தை உலர்த்தினால் அப்பா மிச்சம் இருப்பார் போலிருக்கிறது" என்றார்.

நண்பர் திருமணத்திற்குச் சென்றார். அவர் வீட்டுச் சுவரில் தந்தையாரின் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எல்லைப்புறப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமென்று அவர் ஆண்டுதோறும் எழுதும் மனுவை இவ்வாண்டும் எழுதினார். அதில் அயல்வீட்டாரும் கையொப்பமிட்டார்களா என்று அன்பர்கள் கேட்கலாம். இல்லை, இடவில்லை. ஆனால் மனுவை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்ட காலையில், அவ்வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து, "எங்கே, டவுனுக்கா?" என்று கேட்டாராம். அறுபது ஆண்டுக்கு மேலாக அவ்வேலியைக் கடந்து வராத கேள்வி அது.

நம் ஒவ்வொருவர் தோளிலும் ஏதோ ஒரு தெப்பம் இருக்கிறது. அதை எறிந்துவிடுங்கள் என்று பிறருக்குச் சொல்ல இனி நாம் துணியோம். இன்று மாலை அதன் கயிற்றை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்போம்.