மறைத்தலும் ஒரு தொழில்

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில்களைச் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மற்ற நான்கும் கேட்டவுடன் விளங்கிவிடும். மறைத்தலில்தான் மனம் இடறுகிறது. கடவுள் ஏன் தன்னைத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும்? அதை ஒரு தொழிலென்றும், அருளின் இன்னொரு முகமென்றும் எப்படிச் சொல்ல முடியும்?

நான் சென்னையில் நாடகங்களுக்கு ஒலி அமைப்பவள். மறைந்து நின்று வேலை செய்வதே என் பிழைப்பு. இந்தக் கேள்வியை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போது அது புதிராகத் தெரியவில்லை.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். மேடையில் நிற்கும் நடிகைக்கும் பின்வரிசையில் இருப்பவருக்கும் இடையே 18 மீட்டர். அவர் தலைக்கு முன்னால் தொங்கும் ஸ்பீக்கருக்கும் அவருக்கும் 8 மீட்டர். சென்னை வெக்கையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். நடிகையின் தொண்டையிலிருந்து கிளம்பிய குரல் அவர் காதைத் தொட 51 மில்லி வினாடி ஆகிறது. மைக் வழியாகப் போன அதே குரல் கம்பியில் நொடியும் தாமதிக்காமல் ஓடி, ஸ்பீக்கரிலிருந்து 23 மில்லி வினாடியில் வந்துவிடுகிறது. முதலில் வந்ததையே காது மூலமென்று எடுத்துக்கொள்ளும். ஆக, அந்த ரசிகருக்குப் பேசுவது பெட்டி. மேடையில் இருப்பவள் வெறுமனே வாயசைக்கிறாள்.

இதைச் சரிசெய்ய நான் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்துகிறேன். 40 மில்லி வினாடி டிலே கொடுத்தால் நடிகையின் சொந்தக் குரல் முந்திக்கொள்ளும். ஸ்பீக்கர் 12 மில்லி வினாடி பின்னால் வரும். அப்போது ஓர் ஆச்சரியம் நடக்கிறது. ஸ்பீக்கரின் ஒலி அவள் குரலைவிடப் பலமாக இருந்தாலும் காது அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாம் அவளிடமிருந்தே வருவதாகக் கேட்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். பின்னால் வரும் ஒலி 10 டெசிபல் வரை கூடுதலாக இருந்தாலும், சில மில்லி வினாடிகளிலிருந்து 30 மில்லி வினாடி வரை தாமதித்து வந்தால், முன்னால் வந்தவரிடமே காது நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

பலமாக இருப்பவர் பின்தங்கி வந்தால், பலவீனமானவரின் குரல் அவருடையதாகவே நிற்கிறது. என் தொழிலில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் இதுதான்.

இதை ஹாஸுக்கு முன்பே நம் ஊர்க் கூத்து அறிந்திருந்தது. என் அம்மாவின் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து கட்டும்போது வேடக்காரர் ஓர் அடி பாடுவார். முகவீணையோடும் மிருதங்கத்தோடும் அவருக்குப் பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். நாலைந்து தொண்டைகள் சேர்ந்து பாடுவது ஒற்றைத் தொண்டையைவிடப் பலம். ஆனாலும் விடிய விடியப் பார்த்த சனங்கள் வீட்டுக்குப் போகும்போது, “துரியோதனன் என்னமா பாடினான்!” என்றுதான் சொல்லுவார்கள்.

என் அப்பா கருப்புச் சட்டைக்காரர். ஒரு தடவை இதையெல்லாம் அவரிடம் விளக்கிவிட்டு, “மறைஞ்சு நிக்கிறதும் ஒரு உதவிதாம்பா” என்றேன். அவர் விடவில்லை. “ஏம்மா, ஒளிஞ்சிருக்கிற சாமிக்கும் இல்லாத சாமிக்கும் என்ன வித்தியாசம்?”

நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். என் அரங்கில் அந்த வித்தியாசத்தைச் சோதித்துப் பார்க்கலாம். மிக்சரில் ஒரு பித்தானை அழுத்தினால் பின்வரிசைக்கு வார்த்தை போய்ச் சேராது; அப்போது எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். உலகத்துக்கு அப்படியொரு பித்தான் இல்லை. ஆகவே என் தொழில் கடவுளுக்குச் சாட்சி சொல்லாது. அது ஒரு தவறான அனுமானத்தை மட்டும் உடைக்கும். கண்ணுக்குத் தெரியாதது அக்கறை இல்லாதது, காதில் தனியாகக் கேட்காதது வேலை செய்யாதது என்ற அனுமானத்தை. அமெரிக்காவின் டோனி நாடக விருதுகளில்கூட ஒலி வடிவமைப்புக்கான பரிசை 2014இல் நீக்கினார்கள். எதை வைத்து மதிப்பிடுவது என்று வாக்களிப்பவர்களில் பலருக்குத் தெரியவில்லை என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. 2018இல் பரிசைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த அரங்குகளில் ஒலி வேலை ஒருநாளும் நிற்கவில்லை.

அப்பாவின் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது: மறைவது ஏமாற்று ஆகாதா? ஆகலாம். சிலைக்குப் பின்னால் ஸ்பீக்கரை ஒளித்துவைத்து, சாமி பேசுகிறது என்று சொல்லிப் பணம் பறிப்பவரும் என் கருவிகளையேதான் பயன்படுத்துகிறார். மறைவினால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் மறைந்திருப்பதால் கேட்பவரின் அறிவு பறிபோகிறது. பின்பாட்டுக்காரர் மறைந்திருப்பதால் பாடுபவருக்குக் குரல் கூடுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள மறைவது ஒன்று; இன்னொருவருக்கு இடம்விட மறைவது வேறொன்று.

துகிலுரிதல் காட்சிக்கு ஒலி அமைத்தபோது இந்த வேறுபாடு எனக்கு நன்றாகப் பிடிபட்டது. எங்கள் நாடகத்தில் கண்ணன் மேடைக்கு வருவதில்லை. சேலை மட்டும் வளர்கிறது. அந்த இடத்தில் அசரீரி வேண்டும் என்றார் இயக்குநர். “சாமி குரல்னா கொஞ்சம் எக்கோ வேணும்ல மேடம்?”

நம் மேடைகளிலும் படங்களிலும் கடவுள் பேசினாலே ரிவெர்ப் போடுவது வழக்கம். ரிவெர்ப் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். குரல் சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி வருவதுதான் அது. மண்டபம் எவ்வளவு பெரிது, சுவர்கள் எவ்வளவு தூரம் என்று காதுக்கு அளந்து சொல்வது அது. ரிவெர்ப் போட்டால் கடவுளை ஒரு பெரிய கட்டடத்துக்குள் வைத்துவிடுகிறோம். எல்லையற்றவரென்று நம்பப்படுபவருக்குச் சுவர் எழுப்புகிறோம். அதோடு, பாஞ்சாலி கதறும் அந்தக் கணத்தில் அவளைவிடப் பெரிய குரல் ஒன்றைச் சபைக்குள் இறக்கிவிடுகிறோம்.

நான் அசரீரியே வேண்டாம் என்றேன். சங்கும் மணியும்கூட வேண்டாம். தரைக்கு அருகில் ஒரு மைக் வைத்து, பலகையில் துணி உரசிச் சரியும் ஓசையை எடுத்தேன். துச்சாதனனின் மூச்சுக்கு ஒரு மைக். இழுக்க இழுக்க அவன் மூச்சு முதலில் வெறியாகவும், பிறகு இளைப்பாகவும், கடைசியில் பயமாகவும் மாறியது. இயக்குநர் ஒத்திகையில் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

அந்த ஒத்திகைகளில் திரும்பத் திரும்பக் கேட்டதால், கதையின் ஓர் இடம் எனக்குத் தெளிவானது. பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்னால் சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள். சூதாட்டத்தில் தன்னையே இழந்துவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? கண்ணன் வாசலிலேயே சக்கரத்தோடு வந்து நின்றிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. காப்பாற்றப்பட்ட பெண் ஒருத்தி இருந்திருப்பாள். சபையைக் கூண்டில் ஏற்றிய பெண் இருந்திருக்கமாட்டாள். அவர் பின்தங்கியதால் அவள் குரல் முந்தியது.

இப்படிச் சொல்வது அவள் பட்ட துயரத்தை நியாயப்படுத்தாது. நியாயப்படுத்தவும் கூடாது. குற்றவாளி யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பீஷ்மர் அங்கே கண்ணுக்குத் தெரிய உட்கார்ந்திருந்தார். தருமம் நுட்பமானது, என்னால் முடிவு சொல்ல இயலவில்லை என்று நழுவினார். துரோணரும் அங்கேதான் இருந்தார். கௌரவர் தரப்பில் அவளுக்காக வாய் திறந்தவர்கள் விதுரரும் விகர்ணனும். மறைந்திருந்தவர் வேலை செய்தார். தெரிய இருந்தவர்கள் கைவிட்டார்கள். கடவுள் ஏன் தெரிவதில்லை என்று கேட்பதற்கு முன்னால், தெரிய இருந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று அந்தக் காட்சி நம்மைக் கேட்கிறது.

மெய்கண்டாரின் மாணவர் மனவாசகம் கடந்தார் எழுதிய உண்மை விளக்கம், கூத்தப்பிரானின் திருமேனியில் ஐந்தொழில்களையும் இடம் குறித்துக் காட்டுகிறது. படைத்தல் உடுக்கையில், அழித்தல் தீயில், அருளல் தூக்கிய திருவடியில். மறைத்தல், ஊன்றிய திருவடியில். முன்பெல்லாம் தூக்கிய திருவடியை மட்டும் பார்த்துக் கும்பிடுவேன். இப்போது என் கண் கீழே போகிறது. ஆட்டம் முழுவதின் பாரமும் ஊன்றிய காலில்தான் நிற்கிறது. அது அசையாததால்தான் மற்றது உயர முடிகிறது. உயிர் பக்குவப்படும்வரை மறைத்து நிற்கும் அதே சக்திதான் பக்குவம் வந்ததும் அருட்சக்தியாகிறது என்று சித்தாந்தம் சொல்வது இதனால் எனக்கு ஒப்புதலாகிறது. கேள்வி கேட்கவும், தவறவும், தன் குரலில் பேசிப் பழகவும் உயிருக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தன் பலத்தால் நிரப்பாமல் இருப்பது பெருங்கருணை.

ஆனால் மறைந்திருக்கும் உரிமை, பாரத்தைத் தாங்கி நிற்பவருக்கு மட்டுமே உண்டு. தாங்காமல் மறைவதற்குப் பெயர் கைவிடுதல். அநியாயம் நடக்கும் சபையில் நமக்கு இருக்கை கிடைத்திருந்தால், அங்கே நாம் செய்யவேண்டிய தொழில் மறைத்தல் அல்ல. விகர்ணனைப் போல எழுந்து, பின்வரிசைக்கும் கேட்கும்படி பேசுவது.